கஸ்தூரி அக்காவின் நாஸ்தா கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை கோவளத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது முரளி அழைத்தான். "அக்கா போய்ட்டாங்கடா" என்றான். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் அக்கா என்றால் ஒருவர்தான். திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்து, எங்களுக்கு ஷிஃப்ட் போட்டு, எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்த கஸ்தூரி அக்கா. தூக்கத்திலேயே மாரடைப்பு. அவரை அறிந்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய காலைக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பின்னால் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது.

கொரோனாவில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தோம். தினமும் காலையில் போனில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் சுகமில்லை. மஞ்சளை அழுத்தினால் மேனேஜர் சேகர் சாரின் விசாரணை வரும், ஷிஃப்ட் போகும், அடுத்து வேலையும் போகுமோ என்ற பயம் வரும். அதனால் காய்ச்சலில் கிடந்தவர்களும் பச்சையையே அழுத்தினார்கள். எங்கள் ஆரோக்கியத்தைப் பாராட்டி நிர்வாகம் மின்னஞ்சல் அனுப்பியது.

ஒரு காலை மீட்டிங். யாருடைய முகமும் தெரியாது, குரல் மட்டும்தான். சும்மா பேச்சுக்கு அக்கா கேட்டார்: "முரளி, நாஸ்தா இன்னா?"

"இட்லி... க்கா."

வழக்கமாக முரளி வாயைத் திறந்தால் மூட மாட்டான்; அன்று ஒற்றை வார்த்தை. அக்காவுக்குச் சுருக்கென்றது.

"தொட்டுக்க இன்னா? முழுசா சொல்லு."

"தேங்கா... சட்னி... அப்புறம்..."

"ஆரம்பிக்கலாமா கஸ்தூரி?" என்றார் சேகர் சார்.

"கொஞ்சம் கம்முனு இருங்க சார். அவனுக்கு மூச்சு வாங்குது."

"பச்சை போட்டிருக்கானே?"

"பச்சையத் தூக்கி ஒடப்புல போடுங்க" என்றவர் என்னைக் கூப்பிட்டார். "நீ கோவளத்துலதான கீறே? முட்டுக்காட்டுக்கு வண்டிய எடு. ஆம்புலன்சுக்கு நான் சொல்றேன்."

முரளி அங்கே ஒரு மாடி அறையில் தனியாக இருந்தான். வீட்டுக்காரர் கேட்டைத் திறக்கவில்லை. "வூட்ல கொயந்தைங்க கீதுப்பா" என்று உள்ளேயே நின்றார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். மாடி ஜன்னல் வழியே, போன் ஸ்பீக்கரில் அக்காவின் குரல் மட்டும் கேட்டது. "தூங்காத முரளி. நேத்து ராத்திரி இன்னா துன்னே?" அவன் பதில் கீழே எட்டவில்லை. அக்கா அடுத்த கேள்வி கேட்டால், அவன் ஏதோ சொல்லியிருக்கிறான் என்று அர்த்தம். ஒருமுறை அடுத்த கேள்வி வரவில்லை. நான் கேட்டைப் பிடித்து உலுக்கினேன். "முரளி! டேய் முரளி!" பிறகு, "ஆங், அப்டி சொல்லு" என்றார். ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்பிய பிறகுதான் கேட் திறந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து முரளி உயிரோடு திரும்பினான்.

அலுவலகம் மறுபடி திறந்ததும் அது எங்கள் வழக்கமாகிவிட்டது. வேலை தொடங்குமுன் ஒவ்வொருவரும் காலையில் சாப்பிட்டதை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். கடைசியில் நாங்கள் அக்காவைக் கேட்போம். பழையது, கருவாட்டுக் குழம்பு என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லி எங்கள் வாயில் எச்சில் ஊறவைப்பார். இந்த நேரத்தை மிச்சப்படுத்தி, பட்டனையே திரும்பக் கொண்டுவரலாம் என்றார் சேகர் சார். அக்கா சொன்ன பதில் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்: "பட்டனுக்கு மூச்சு வாங்காது சார். ஆளுக்குத்தான் வாங்கும்." அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

அவரை அடக்கம் செய்த மறுநாள் மீட்டிங்கில் முரளிதான் ஆரம்பித்தான். ஒவ்வொருவராகச் சொன்னோம். "உப்புமா. பாதியிலேயே வெச்சுட்டேன், எறங்கல" என்றார் சேகர் சார். அவர் முடித்ததும் யாரோ பழக்கத்தில், "நீங்க இன்னாக்கா..." என்று தொடங்கி நிறுத்தினார்கள். சேகர் சார் வேலையைத் தொடங்கச் சொல்லவில்லை. அக்கா பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுப்பாரோ, அவ்வளவு நேரம் காத்திருந்தோம்.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தக் கேள்விதான். யார் "நல்லாருக்கேன்" என்றாலும் இப்போது நான் விடுவதில்லை. நாஸ்தா இன்னா என்று கேட்கிறேன். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை மூச்சைக் கேட்கிறேன்.