நல்ல நேரத்தில் அடித்த சீலிங்

எங்கள் கராஜில் கார் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டை வாங்கிய நாளிலிருந்து அதற்குள் கிடந்தவை பிள்ளைகளின் பழைய சைக்கிள்கள், கோயில் அன்னதானத்துக்கு வாங்கிய இரண்டு பெரிய பானைகள், யாருக்கோ கொடுப்பதற்கென்று வைத்து யாருக்கும் கொடுக்காத ஒரு சோபா. கார் பாவம், மழையிலும் பனியிலும் ரோட்டில் நின்றது. அந்தக் கராஜை என் தையல் அறையாக மாற்றுவது என்று முடிவெடுத்தவள் நான்தான். எடுக்க வைத்தது ஒரு சட்டி பருப்புக் கறி.

முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் எனக்குப் பாதி நாள் வேலை. மிச்ச நேரமெல்லாம் சேலைக்குப் பிளவுஸ் தைக்கிறேன். ஜெர்மனியில் டோர்ட்முண்டைச் சுற்றியிருக்கிற எங்கள் ஆட்களின் கல்யாணம், பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்கு என்றால் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். இத்தனை வருடமும் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் தைத்தேன். மெசினை ஏற்றுவது, தைப்பது, சாப்பாட்டு நேரம் வந்ததும் இறக்குவது, ஊசி பொறுக்குவது, மேசையைத் துடைப்பது, சாப்பிட்டு முடிய மறுபடியும் ஏற்றுவது. மனிசருக்கு விசர் பிடிக்க இது போதும். போன வருடம் ஒரு நாள் மெசினை இறக்கிய நான் துணியை எடுக்க மறந்துவிட்டேன். கணவர் பருப்புச் சட்டியைக் கொண்டுவந்து டக்கென்று வைத்தார். கல்யாணப் பெண் ஒருத்தியின் அரக்குப் பட்டில் மஞ்சள் தெறித்தது. நான் புதுத் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தும் அந்தப் பெண்ணின் தாய் என்னோடு ஒரு வார்த்தை கதைக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா. கதை ஊரெல்லாம் பரவியது.

இந்த வருடம் இன்னொரு தாய் போன் பண்ணினா. செப்டம்பரில் மகளுக்குக் கல்யாணம், மணப்பெண்ணுக்கும் தோழிகளுக்குமாகப் பதினொரு பிளவுஸ். முதல் கேள்வியே, “அக்கா, இப்பவும் சாப்பாட்டு மேசையிலயோ தைக்கிறீங்கள்?” என்பதுதான். “சீச்சீ, தனி அறை இருக்கு” என்று சொல்லிவிட்டேன். அறை என்று நான் சொன்னதற்கு அப்போது சீலிங்கே இல்லை. ஆகஸ்ட் கடைசியில் அவர்கள் போட்டுப் பார்க்க வருவதாகப் பேச்சு. அதற்குள் அந்த அறை அறையாக வேண்டும்.

நகரசபையில் அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் கொடுத்து அனுமதி வாங்கிய கதையை நான் இங்கே எடுக்கவில்லை. எடுத்தால் இது முடியாது. அனுமதி கையில் வந்ததும் முறைப்படி சீலிங் அடிக்கிற ஒரு ஜெர்மன் வேலைக்காரரைக் கூப்பிட்டேன். வந்தார், சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கராஜ் வாசலில் நின்று கேட்டார், மேலே பார்த்தார், அளந்தார். ஒவ்வொரு விரலாக மடித்துச் சொன்னார்: முதலில் மரச்சட்டம், பிறகு குளிர் வராமல் கண்ணாடிப் பஞ்சு, அதற்குக் கீழே ஈரம் ஏறாமல் ஒரு பிளாஸ்டிக் தாள், அதற்குப் பிறகு கரண்ட் வயர், எல்லாம் முடிந்து கடைசியில்தான் ஜிப்சம் பலகை. மொத்தம் மூன்று நாள் வேலை. எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். ஒக்டோபர் நடுப்பகுதி என்றார், அதுவும் ஏதோ எனக்காக இரக்கப்பட்டுச் சொல்வது போல.

அவர் போனதும் கணவர் கொதித்தார்.

“மூண்டு நாள் வேலைக்கு நாலு மாதம் காத்திருக்கிறதோ? மேல பலகையை வைச்சு ஸ்குரூ முடுக்கிறதுக்கு ஒரு ஆள் வேணுமோ? நான் அடிச்சுத் தாறன்.”

“நீங்கள் ஒரு சாமிப் படம் மாட்டினாலே சுவரில நாலு ஓட்டை.”

“சுவர் வேறை, சீலிங் வேறை. நீர் பேசாமல் இரும்.”

பேசாமல் இருக்க என்னால் ஏலாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஒக்டோபரில் வருகிற சீலிங்கை வைத்து நான் என்ன செய்வது? சரி, அடியுங்கோ என்றேன். வயரை மட்டும் அவர் தொடக்கூடாது என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் வாங்கினேன். எலெக்ட்ரீசியன் ஒருவரைத் தேடிப் பிடித்து ஜூலையில் ஒரு புதன்கிழமை வருவதற்கு டெர்மின் எடுத்து நாள் குறித்தேன். அந்த டெர்மினுக்காக நான் எத்தனை தரம் போன் பண்ணினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அடுத்த மூன்று கிழமையும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அவர் காலை ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிடுவார், வீடியோ பார்ப்பார், கராஜுக்குள் போவார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் பத்து நிமிடத்தில் ஒரு மாளிகைக்கே சீலிங் அடித்து முடிக்கிற வீடியோக்கள். உதவிக்கு ஓர் அண்ணையைப் பிடித்தார். எங்கள் கோயில் முந்தி சாமான் களஞ்சியமாக இருந்த கட்டடம். அந்த மண்டபத்துச் சீலிங்கை அடித்தவர் இவர் என்று எல்லாரும் சொல்வார்கள், அவரும் மறுக்க மாட்டார். வந்து பார்த்துவிட்டு, “இதென்ன தங்கச்சி, கோயிலுக்கு முன்னால இது ஒரு தூசு” என்றார். பிறகு கேள்விப்பட்டோம், கோயிலில் அடித்தது ஒரு போலந்துக்காரர், அண்ணை பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என்று. இது தெரிந்திருந்தும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களின் குணம் அதுதான், மரியாதை கெட்டுவிடும் என்று ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

எப்படியோ சட்டமும் பஞ்சும் தாளும் ஏறிவிட்டன. உள்ளதைச் சொல்ல வேண்டும், அவர் ஒழுங்காகத்தான் செய்தார். பஞ்சு பட்டு இரண்டு கையும் சிவந்து போயிருந்தன. இரவில் தோள்மூட்டு நோகிறது என்று முனகினார். “ஆர் செய்யச் சொன்னது?” என்று கேட்டுக்கொண்டே நான்தான் எண்ணெய் பூசிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் நான் கலண்டரைப் பார்த்தேன். ஆடி பிறக்க ஐந்து நாள்தான் இருந்தது. ஆடியில் புதிதாக ஒன்றும் தொடங்கக் கூடாது. தொழில் செய்யப் போகிற அறையின் முகட்டை நாள் பார்க்காமல் மூடுவதா? ஐயருக்குப் போன் பண்ணினேன். இரண்டு நாள் சொன்னார். ஒன்று ஞாயிற்றுக்கிழமை, இங்கே சத்தம் போடக் கூடாத நாள், அன்றைக்கு ட்ரில் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு அம்மா பொலிஸைக் கூப்பிடுவா. மற்றது சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கும் எட்டே முக்காலுக்கும் இடையில். ஒன்பது மணிக்கு ராகு காலம். சனிக்கிழமை முதல் பலகை ஏற வேண்டும் என்று நான் சொன்னேன்.

“வயர்காரன் புதன்கிழமைதானே வாறான்?” என்றார் கணவர்.

“ஒரு பலகையை ஏத்துங்கோ. மிச்சத்தைப் பிறகு பார்ப்பம்.”

சனிக்கிழமை பலகையைத் தூக்கிப் பிடிக்கிற இயந்திரம் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு அண்ணையும் வந்துவிட்டார். நான் வாசலில் சாம்பிராணி காட்டி, பலகையின் மூலையில் சந்தனப் பொட்டு வைத்தேன். எட்டு மணிக்கு முதல் பலகை ஏறியது. அழகாகப் பொருந்தி இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய் சொல்லக் கூடாது. நான் ஆட்டிறைச்சி அடுப்பில் வைக்க உள்ளே வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கணவர் குசினி வாசலில் வந்து நின்றார், தலையெல்லாம் வெள்ளைத் தூசி.

“இஞ்சேரும், மற்றப் பலகையளையும் ஏத்துவம் எண்டு அண்ணை சொல்லுறார். வயர் இன்னும் இழுக்கேல்லை. நிப்பாட்டுவமோ?”

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்.

“நல்ல நேரத்தில தொடங்கினதைப் பாதியில நிப்பாட்டக் கூடாது. செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ ஆடியும் பிறந்திடும். முடியுங்கோ. வயர்காரன் ஒரு ஓட்டையைப் போட்டு இழுப்பான்தானே.”

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் முழுச் சீலிங்கும் மூடிவிட்டது. மூவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

புதன்கிழமை எலெக்ட்ரீசியன் வந்தார். பெட்டியைக் கீழே வைத்தார். மேலே பார்த்தார். வயரை எங்கே இழுப்பது என்று கேட்டார். ஓட்டை போட்டு இழுக்கலாமே என்று கணவர் சொன்னார். அந்த மனிதர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. குறுக்கே சட்டம் சட்டமாக அடித்திருக்கிறீர்கள், தாளைக் கிழிக்காமல் இதற்குள் ஒன்றையும் இழுக்க முடியாது, திறந்து வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்றார். அடுத்த டெர்மின் ஐந்து கிழமைக்குப் பிறகு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த கொதிக்கு அளவில்லை. ஜெர்மன் வேலைக்காரருக்குப் போன் பண்ணினேன். மற்றவர் செய்த வேலைக்கு மேல் நான் செய்ய மாட்டேன், எல்லாவற்றையும் கழற்றி ஒக்டோபரில் முதலிலிருந்து செய்யலாம் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தைக் கேட்க எனக்கு இன்னும் கொதி ஏறியது. முழுவதையும் கணவர் தலையில் கொட்டினேன். விரல் மடித்துச் சொன்னாரே அந்த மனிசன், கேட்டீங்களோ? பலகைக்கு முன்னம் வயர் எண்டு ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்குமே? போனில் என் தங்கச்சிக்கும் அதையே சொன்னேன், சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் அவருக்காகத் தலையாட்டிப் பரிதாபப்பட்டார்கள்.

அவர் பின்னேரங்களில் கராஜுக்குள் போய், சீலிங்கின் நடுவே கோடு கீறி, ஒரு நீளமான பட்டையை வெட்டி எடுத்தார். தலைக்கு மேலே கையைத் தூக்கி வெட்டுவது லேசான வேலை இல்லை. ஐந்து நிமிடம் வெட்டுவார், தோளைப் பிடித்துக்கொண்டு ஏணியில் இருப்பார். ஒருநாள் தேத்தண்ணியோடு போனபோது போனில் கோயில் அண்ணையோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

“இல்லை அண்ணை, ஆரிலயும் பிழை இல்லை. நான்தான் அவசரப்பட்டனான்.”

நான் தேத்தண்ணியை ஏணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். குசினி வாசலில் வந்து நின்று அவர் கேட்டது, நான் வெங்காயத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னது, எல்லாம் எனக்கு நல்ல ஞாபகம். எனக்கு அது முதல் நாளிலிருந்தே ஞாபகம் இருந்தது. இருந்தும் மூன்று கிழமை ஊரெல்லாம் அவரைத் திட்டித் திரிந்தேன்.

ஆகஸ்ட் கடைசிக்கு ஒரு கிழமை முன்னால் எலெக்ட்ரீசியன் வந்து வயர் இழுத்தார். கணவர் தாளை ஒட்டி, பட்டையைத் திருப்பி அடித்து, பூசி, தேய்த்து, வெள்ளை அடித்தார். எத்தனை பூச்சுப் பூசினாலும் அந்த வெட்டுக் கோடு போகவில்லை. லைட்டைப் போட்டால் என் மெசினுக்கு நேர் மேலே கதவிலிருந்து ஜன்னல் வரை ஓடுவது தெரியும்.

சொன்ன நாளில் மணப்பெண்ணும் தாயும் வந்தார்கள். அறையில் பெரிய தையல் மேசை, அதில் பதினொரு பிளவுஸும் வரிசையாக. மகள் திரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டிருக்க, தாய் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அண்ணாந்தா.

“நல்ல அறை அக்கா. மேல என்ன ஒரு கோடு ஓடுது? உங்கட அவர் அடிச்சதோ?”

கணவர் தட்டத்தில் தேத்தண்ணியோடு அப்போதுதான் உள்ளே வந்தார். அவர் முந்திக்கொண்டு, “ஓம் தங்கச்சி, நான் கொஞ்சம் அவசரப்பட்டு...” என்று தொடங்கினார்.

“இல்லை” என்றேன். “அவர் நிப்பாட்டுவமோ எண்டு வந்து கேட்டவர். நல்ல நேரம் பார்த்ததும் நான்தான், முடிக்கச் சொன்னதும் நான்தான். பிழை என்ர.”

அந்தத் தாய்க்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. மகளின் பிளவுஸ் கை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டா. கணவர் என்னைப் பார்த்தார். பார்த்தபடியே தட்டத்தைக் கொண்டுபோய் மேசையில், பட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இந்த மேசையில வையாதேங்கோ.”

“அப்ப எங்க வைக்கிறது?”

“சாப்பாட்டு மேசையில. அது இப்ப சும்மாதானே கிடக்குது.”

அவர் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். பிளவுஸ் எல்லாம் போட்டுப் பார்த்து முடிந்ததும் நாங்களும் போய், அந்த மேசையைச் சுற்றி இருந்து ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தோம்.