மூஞ்சத் திருப்பிக்கினு போங்க

பெங்களூரில் வேலை கிடைத்துப் போன என் மகள் அந்த நாயை என்னிடம் விட்டுப் போனாள். தங்கச் சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டலில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால், கழுத்தில் கம்பி இறுகிக் கிடந்ததை அவள்தான் தூக்கி வந்திருந்தாள். அவளைத் தவிர யார் காலடி கேட்டாலும் கட்டிலுக்கடியில் ஒண்டிக்கொள்ளும். என்னைக் கண்டால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சோறு போடுகிறவளைக் கண்டா பயம்?

"அங்க நாய் வெச்சிக்கிற மாதிரி வூடு பாத்துட்டேம்மா. ஆனா ரயில்ல அவ்ளோ ஜனத்த இது தாங்காது. நீ கொஞ்சம் பழக்கு, கூட்டிக்கினு போயிடறேன்" என்றாள். அதுவரை ஞாயிறுதோறும் அதைப் பார்க்க வருவதாக ஏற்பாடு.

முதலில் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். ஞாயிறென்றால் எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் கறி வேகும். ஆளுக்கொரு எலும்போடு வரச்சொல்லி அத்தனை வீட்டையும் அழைத்துவிட்டேன். பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து "வா, வா" என்று கொஞ்ச, அது சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. மதிய ரயிலில் வந்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதப் பாக்கவே கூடாதும்மா. தின்ன எதனா போட்டுட்டு நம்ம வேலயப் பாக்கணும்."

சாயங்கால ரயிலில் வேலையிலிருந்து திரும்புகிறவர்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் வீட்டுக்குப் போவார்கள். வாசலில் ஒரு டப்பாவில் பொறை ரொட்டியை உடைத்து வைத்தேன். ஆளுக்கொரு துண்டை எடுத்து, உள்ளே பார்க்காமல் கீழே போட்டுவிட்டு நடக்க வேண்டும்.

"இன்னாக்கா, உங்க நாய்க்கு எங்க மூஞ்சியே புடிக்கலியா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்தார்.

"மூஞ்சத் திருப்பிக்கினு போங்க" என்று விரட்டினேன்.

முதல் வாரம் அது கட்டிலடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நிலைப்படி வரை வந்தது. ஒருநாள் ரயில் ஊதியதும் தானே எழுந்து வாசலுக்குப் போனது. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் காலில் ஒருநாள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது. பார்க்கக்கூடாது என்பதால் நான் பார்க்கவில்லை. ஆனால் கண் நிறைந்துவிட்டது.

அன்று மகள் போனில், "பழகிச்சாம்மா?" என்று கேட்டாள்.

"எங்க, இன்னும் நடுங்குது" என்றேன்.

நாய் போய்விட்டால் அவள் எதற்காக வாராவாரம் வருவாள்? அம்மாவைப் பார்க்க வருவாள், இல்லையென்று சொல்லவில்லை. மாதம் ஒருமுறை வருவாள். அப்புறம் பண்டிகைக்கு வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டப்பாவை ஒளித்துவைத்து, கதவைச் சாத்தி, யாரும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் சாயங்கால ரயிலில் வந்து இறங்கினாள். திரும்பி வரும் கூட்டத்தோடு கூட்டமாக வாசலுக்கு வந்தபோது, நாய் பக்கத்து வீட்டுக்காரர் கையை நக்கிக்கொண்டிருந்தது. நான் டப்பாவோடு நின்றேன்.

"எத்தினி நாளா?" என்றாள்.

"ரெண்டு மாசமா."

அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவளோ என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். பெட்டியில் நிற்க இடமில்லை. அத்தனை கால்களுக்கு நடுவே நாய் இடம் பிடித்து, யாரோ ஒருவருடைய ஷூவின்மேல் தலைவைத்துப் படுத்துக்கொண்டது. மகள் ஜன்னல் வழியாக அதை எனக்குப் பெருமையாகக் காட்டினாள். நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

ஒரு தடவையாவது நடுங்கியிருக்கலாம்.