அவளுக்கு மட்டும் பர்மனென்ட் ஆகக்கூடாது

ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் வல்லக்கோட்டை முருகனிடம் போனால் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: கான்ட்ராக்ட் வேலை பர்மனென்ட் ஆக வேண்டும். நான் ஒருவன்தான், ஒருத்திக்கு அது ஆகவே கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முருகன் என்ன நினைத்தாரோ. அவள் திரும்பி வந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

அவள் வேளாண் வேதியியல் படித்தவள். உரம் மண்ணுக்குள் போய் என்ன ஆகிறது என்பதுதான் அவளுக்குப் பிடித்த பாடம். எங்கள் பக்கம் மண்ணை விற்க ஆள் உண்டு, சோதிக்க யார் கூப்பிடுகிறார்கள்? நான் லைன் சூப்பர்வைசராக இருக்கும் தொழிற்சாலைக்குக் கழிவுநீர் சோதிக்கிற வேலைக்கு வந்தாள். "படிச்சது மண்ணு, பாக்கறது கக்கூஸ் தண்ணி" என்று கேன்டீனில் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவன் நான்.

வீட்டில் கல்யாணப் பேச்சை எடுக்கலாம் என்று இருந்தபோது, அவளுக்கு ஜெர்மனியில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்க இடம் கிடைத்தது. "போய்ட்டு வந்துடறேன், வெயிட் பண்ணு" என்றாள். பட்டம் வாங்கினாள். பிறகு அங்கேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. வயலில் நீளமான குழாயை அடித்து இறக்கி மண்ணை உருவி எடுத்து, போட்ட உரம் நிலத்தடி நீர் வரைக்கும் இறங்குகிறதா என்று பார்ப்பாள். உரத்தைக் குறைக்கச் சொன்னால் அந்த ஊர் விவசாயிகள் முறைப்பார்களாம். ஒரு பெரியவர் நாயை அவிழ்த்து விட்டாராம். அடுத்த அறுவடைக்கு அவரே ஒரு கூடை உருளைக்கிழங்கு கொடுத்தாராம். அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை. கேன்டீனில் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

கான்ட்ராக்ட் முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் கேட்டில் எப்போதும் பார்க்கிறதுதானே. ஜெர்மனியிலும் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் அவளோடு போனில் பேச்சுதான். ஒருமுறை, "நீ இங்க வந்துடேன்" என்றாள். அம்மாவுக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். அப்புறம் அவள் கேட்கவில்லை.

போன மாதம் அதே பஸ்ஸில் போன் வந்தது. "பர்மனென்ட் பண்ட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று கேட்கப் பயமாக இருந்தது. "சூப்பர்" என்றேன்.

"வேற இன்னா சொல்லுவ நீ" என்றாள்.

எங்கள் லைனில் யாருக்குப் பர்மனென்ட் ஆனாலும் இனிப்பு கொடுப்போம். அவளுக்காக இங்கே நான்தானே கொடுக்க வேண்டும்? மறுநாள் ஸ்ரீபெரும்புதூரில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். கூட வேலை செய்கிறவன் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "யாருக்குண்ணா பர்மனென்ட்?" என்றான்.

"நான் கட்டிக்கலாம்னு இருந்தேனே, ஜெர்மனில கீதே, அதுக்கு."

"செமண்ணா! அப்ப எப்ப வராங்க?"

"இனிமே வரமாட்டா."

அதுவரைக்கும் இதை நான் எனக்குள்ளேகூடச் சொல்லிப் பார்த்ததில்லை. அவன் மைசூர்பாகைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"துன்னுடா" என்றேன். "நல்ல வேலை. அவளுக்குப் புடிச்ச வேலை."