தேங்காய்க்கு அடியில் வைத்த லாட்டரிச் சீட்டு

ஹூஸ்டன் பக்கத்துச் சுகர் லேண்டில் எங்கள் தமிழ்க் கூட்டத்துக்கு ஒரு பெரியவர் உண்டு. எண்ணெய்க் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றவர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிப் பல வருஷம் ஆனவர். நாங்கள் அங்கிள் என்போம். லாட்டரியில் பரிசுத் தொகை பெருத்துவிட்டால் ஆளுக்குப் பத்து டாலர் வாங்கிச் சீட்டு எடுப்பார். அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்கு அடியில் வைத்துவிட்டு வருவார். பரிசு விழாவிட்டாலும் வருத்தமில்லை. டெக்சாஸ் லாட்டரிப் பணம் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறதாம், ஆகவே அதுவும் தர்மம்தானாம். சூதாடிவிட்டுப் புண்ணியமும் கேட்கிற சாமர்த்தியம் நம்மவர்களுக்குத்தான் வரும்.

என் மகள் மூன்றாம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுவாள். எழுத்தைக் கண்டால் மட்டும் திணறுவாள். பள்ளியில் வாசிப்புக்கென்று இருந்த டீச்சர் அவளைத் தனியே உட்காரவைத்து, ஒரு வருஷத்தில் ஒரு முழுப் பக்கம் படிக்க வைத்திருந்தார். அந்த டீச்சருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் பணமில்லை என்றார்கள். சொத்து வரியைக் கொஞ்சம் ஏற்ற ஊர் ஓட்டுப் போட்டுச் சம்மதித்தால் அவர் இருப்பார், இல்லாவிட்டால் போவார்.

எனக்கு ஓட்டு இல்லை. கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவன் வரி கட்டலாம், வாய் திறக்க முடியாது. அங்கிளிடம் போய் நின்றேன்.

“வரி எதுக்குப்பா ஏத்தணும்? லாட்டரி காசெல்லாம் ஸ்கூலுக்குத்தானே போகுது?”

அது சில நாள் செலவுக்குத்தான் காணும், மிச்ச நாளெல்லாம் வரியில்தான் ஓடுகிறது என்றேன். கொடை வள்ளலுக்குக் கோபம் வந்துவிட்டது. மகள் பேரைச் சொன்னதும் இளகினார். ஓட்டுள்ள நண்பர்கள் நாலு பேரையும் தன் வேனிலேயே அழைத்துப்போவதாகச் சொன்னார்.

ஓட்டு நாளன்று பார்த்துப் பரிசுத் தொகை உச்சத்துக்குப் போயிருந்தது. காலையில் அங்கிள் பணம் கேட்டு எல்லாருக்கும் செய்தி அனுப்பினார். நானும் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தபடியே போனில் பத்து டாலரை அனுப்பிவைத்தேன். அவர் சீட்டு வாங்கும் ராசியான பெட்ரோல் பங்க் ஹூஸ்டனுக்கு அந்தப் பக்கம். திரும்பி வந்து ஓட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று நண்பர்களையும் ஏற்றிக்கொண்டு மதியமே கிளம்பியிருக்கிறார். அங்கே நீண்ட வரிசை, திரும்பும்போது நெடுஞ்சாலையில் நெரிசல். ஊர் வந்து சேர்ந்தபோது ஓட்டுச்சாவடியைப் பூட்டிவிட்டார்கள்.

வரி ஏற்றம் தோற்றது, அதுவும் சொற்ப ஓட்டு வித்தியாசத்தில். சீட்டிலும் ஒன்றும் விழவில்லை. மறுநாள் அவரை நாலு கேள்வி கேட்கப் போனேன்.

“பாதி லைன்ல எப்படிப்பா விட்டுட்டு வர்றது? எல்லாரும் நம்பிக் காசு குடுத்திருக்கீங்க. நீயும்தானே அனுப்பின?”

அவரைத் திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தைகள் அத்தனையும் எனக்கே பொருந்தின. வீட்டுக்கு வந்தால் மகள் புத்தகத்தோடு வாசலில் நின்றாள். திங்கட்கிழமையிலிருந்து தன்னோடு யார் உட்கார்ந்து படிப்பார்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.