மீன் தட்டருகே ஒரு மெட்டு

இத்தாலியின் பலெர்மோ நகரில் நான் பராமரித்த ஜப்பானிய முதியவர், ஐம்பது ஆண்டுகள் வெகுசனப் பாடல்களுக்கு இசையமைத்தவர். போர்கோ வெக்கியோ சந்தையில் மீன் விற்கும் இலங்கை வன்னிக்காரரான சிவம் அண்ணை, வானொலியில் கேட்ட அவருடைய மெட்டொன்றை, யாருடையதென்று அறியாமலே விசிலடிப்பார். அதைக் கேட்கவே முதியவர் தினமும் என்னுடன் வருவார்.

“சொல்லிவிடாதே” என்று அவர் கேட்டிருந்தும், படைத்தவர் பெயர் மறைவது அநீதி என்றெண்ணி, ஒருநாள் அண்ணையிடம் சொல்லிவிட்டேன்.

“ஐயோ தங்கச்சி, இவரின்ரை பாட்டையோ நான் இவ்வளவு நாளும் கொலை செய்தனான்?” என்றார் அண்ணை. அத்துடன் விசில் நின்றது.

முதியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு வாரம் தினமும் வந்து, விசிலைக் கேளாமலே திரும்பினார். குற்றவுணர்வு என்னை அரித்தது.

எட்டாம் நாள் அவரே அந்த மெட்டை விசிலடித்தார், வேண்டுமென்றே பிழையாக. அண்ணையால் பொறுக்க முடியவில்லை.

“என்ன தங்கச்சி, தன்ரை பாட்டையே மறந்துபோனாரோ? அந்த இடத்திலை மெட்டு மேலை ஏறோணும் எண்டு சொல்லுங்கோ!”

கத்தியை வைத்துவிட்டு, தானே விசிலடித்துக் காட்டினார். படைத்தவரோ தலைகுனிந்து, புதிதாகக் கற்பவரைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வியந்து நின்றேன்.

இப்போதெல்லாம் ஒருவருக்கு நியாயம் செய்யப் புறப்படுமுன், அதை அவர் வேண்டினாரா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.