மிஷினில் எழுந்த கை

எனக்கு அறுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயால் வலது கை எழாது. மருமகள்தான் ஊட்டுவாள்.

சேலம் ஆஸ்பத்திரியின் ஏசி அறையில், ரோபோ மிஷினில் கையைக் கட்டிப் பழக்கினார்கள். அன்று மிஷினைக் கழற்றிய பிறகும் கை வாய் வரை வந்தது. "இனிமே நீ ஊட்ட வேணாம்" என்று மருமகளிடம் பெருமையடித்தேன்.

வெயிலில் பஸ் மாறி கச்சிராயபாளையம் வீட்டுக்கு வந்து, சோற்றில் கை வைத்தேன். கை எழவில்லை.

"இன்னா அத்த, கைய சேலத்துலயே வுட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றாள் மருமகள். "சூடு ஏறினா இந்த நோவுல கை சோந்து பூடும்னு டாக்டர் சொன்னாரே. நான் ஊட்டறேன்."

"தொடாத."

ஈரத்துண்டைப் போர்த்தி, எரிச்சலோடு காத்திருந்தேன். பொழுது சாய்ந்ததும் ஒரு கவளம் வாய்க்கு வந்தது. பாதி மடியில் சிந்தியது. மிச்சத்தை அவள்தான் ஊட்டினாள்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் பேத்தி. படிச்சுக் காட்டு கண்ணு. மொத வாயி நானே துன்னேன்னு எழுதினியா?