ஜெபம் பண்ணி அடித்த ஆணி

பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது ஆணி மட்டும்தான். தாராவியில் ஒரு ஹார்ட்வேர் கடையில் இருபது வருடமாக அதை நிறுத்துக் கொடுக்கிறேன்.

துத்தநாகம் பூசிய ஆணியிலும் ஜாதி உண்டு. பளபளவென்று மின்னுவது மெல்லிய பூச்சு. வீட்டுக்குள் அலமாரி அடிக்கலாம், மழையில் சீக்கிரம் துருப்பிடிக்கும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது சாம்பல் நிறத்தில் அழுக்காகத் தெரியும். உழைப்பது அதுதான். கூரைத் தகரத்துக்கு அதிலேயே குடைத்தலை ஆணி, தலைக்கடியில் ரப்பர் வாஷரோடு. அதையும் நெளித் தகரத்தின் மேட்டில்தான் அடிக்க வேண்டும். பள்ளத்தில் தண்ணீர் ஓடும்.

போன ஜூனில் அக்கா வீட்டு மாடி அறைக்குப் புதுத் தகரம் இரண்டு போட்டார்கள். அக்கா அங்கேதான் கல்யாண ஜாக்கெட் தைக்கிறாள். ஊரார் பட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும். முதல் ஆணியைக் கோயில் உபதேசியார் ஜெபம் பண்ணி அடிப்பது எங்கள் கிறிஸ்தவ ஆட்களின் வழக்கம். அவர் ஜெபம் முடிந்தும் கண்ணைத் திறக்கவில்லையோ என்னவோ, ஆணியைச் சரியாகப் பள்ளத்தில் இறக்கினார். அத்தான் அதே வரிசை பிடித்து இரண்டு தகரத்தையும் அடித்து முடித்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். வாய் வரவில்லை. கூட்டத்தில் ஆமென் சொல்லவே எனக்குக் கூச்சம்.

சயான் பக்கம் வானம் கறுத்த பிறகுதான் அக்காவிடம் முனகினேன்.

"என்னல முனங்குத?"

"ஆணியெல்லாம் பள்ளத்துல இருக்குக்கா. ஒழுகும்."

"இத அப்பவே சொல்லுததுக்கு என்னல? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அத்தான் கூரையிலிருந்தே கத்தினார். "ஜெபம் பண்ணி அடிச்ச ஆணியப் பிடுங்கக் கூடாது. சல்தா ஹை, இது போதும், விடு!"

"ஜெபம் ஆணிக்கா, வீட்டுக்கா? நனையப் போறது உங்க லுங்கி இல்ல, ஊரார் வீட்டுப் பட்டு!" என்றாள் அக்கா.

எல்லோரும் உபதேசியாரைப் பார்த்தோம். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"பிடுங்கும்யா. ஆண்டவருக்கு ஆணி மேல அப்படி ஒண்ணும் பிரியம் கிடையாது."

பிடுங்கியதும், தகரத்தைக் கவிழ்த்துப் போடச் சொன்னேன். பள்ளத்து ஓட்டை மேட்டுக்கு வந்துவிடும். அதிலேயே அடித்தால் வாஷர் மூடிக்கொள்ளும்.

"இவ்வளவு தெரிஞ்சவன் ஏணியப் பிடிச்சிக்கிட்டு நின்னியே, மாப்ள," என்றார் அத்தான்.

மறுநாள் மதியம் வரை மழை பெய்தது. அக்கா இரண்டு ஜாக்கெட் தைத்து முடித்தாள்.